விவாகரத்து வழக்கா? வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்காதீர்கள்

குடும்ப நீதிமன்ற சம்மன் வந்ததும், “வக்கீலுக்குக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவேன்?” என்றுதான் பல பெண்கள் கலங்குகிறார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கு இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். வருமான வரம்பு கிடையாது. வேலைக்குப் போகிறவரும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே பெரும்பாலும் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். ஆதார், கல்யாணப் பத்திரிகை, சம்மன் ஆகியவற்றின் நகலோடு போய் மனு எழுதிக் கொடுங்கள். விவரம் கேட்க 15100க்கு போன் செய்யலாம்.

அப்புறம், இந்து திருமணச் சட்டம் 24ஆவது பிரிவில் வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். போதிய வருமானமில்லாத கணவருக்கும் இது பொருந்தும்.

எந்த வக்கீலானாலும் சரி, வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சம்மனில் உள்ள தேதியையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடலாம்.