நாபைத் திருகும் முன் காலைப் பாருங்கள்

நாகர்கோவில் பக்கம் 10 மீட்டர் ஏர் ரைபிள் (பத்து மீட்டர் தள்ளி இருக்கும் டார்கெட்டைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் சுடும் போட்டி) பழக வரும் பிள்ளைகள், ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். டிரிகரில் விரல் வைக்காதே, ஆள் நிற்கும் பக்கம் குழலைத் திருப்பாதே என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். அதை விடுகிறேன்.

சுடும்போதெல்லாம் சைட்டைத் திருகுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பெல்லட் (சிறு ஈயக் குண்டு) இடப்பக்கம் விழுந்தால், சைட்டை, அதாவது குறி பார்க்கும் கருவியை, நகர்த்தும் திருகான நாபுக்கு உடனே கை போகிறது. இரண்டு கிளிக். அடுத்தது வலப்பக்கம் விழுகிறது. மறுபடியும் கிளிக்.

டார்கெட்டின் நடுப்பொட்டு வெறும் 0.5 மில்லிமீட்டர். அதைத் தொட, நிற்கும் நிலை சரியாக வேண்டும். உடம்பைத் தளர விட்டால் ரைபிள் தானாக ஓரிடத்தை நோக்கி நிற்கும். அந்த இடம் டார்கெட்டை விட்டு விலகியிருந்தால், தசையை இறுக்கித்தான் அதை இழுத்துப் பிடிக்கிறீர்கள். டிரிகரை அழுத்தும் கணத்தில் பிடி தளரும். பெல்லட் வெளியேறும் முன்பே குழல் நகர்ந்துவிடும். இழுக்கும் அளவு ஒவ்வொரு முறையும் மாறுவதால், எத்தனை கிளிக் திருகினாலும் சரியாகாது.

மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன், "சாரே, சைட் கோளாறு, ரிப்பேருக்கு அனுப்பணும்" என்று வந்தான்.

"மக்களே, ரைபிளைப் பிடிச்சபடியே கண்ணை மூடி நாலு மூச்சு விடு. இப்போ திற."

டார்கெட் சைட்டின் வளையத்துக்குள்ளேயே இல்லை.

"கையால தள்ளாத. முன்கால் அங்கேயே நிக்கட்டும், பின்காலை மட்டும் கொஞ்சம் நகத்து."

நாபைத் தொடவே இல்லை. பெல்லட்டுகள் ஒரே இடத்தில் சேர ஆரம்பித்தன. அப்படிச் சேர்ந்த கூட்டம் நடுவை விட்டு விலகியிருந்தால் மட்டும் திருகுங்கள்.

போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். தொடக்கத்தில் தசை தாங்கும், பிற்பாதியில் கைவிடும். ஸ்கோர் சரிந்ததும் பெற்றோர் கடன் வாங்கிப் புது ரைபிள் வாங்குகிறார்கள். லட்சக்கணக்கில் போகிறது. பிள்ளை நிற்பதோ பழைய மாதிரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

சுட்டதும் தலையைத் தூக்குவது

தூக்காதீர்கள். ஸ்கோர் எங்கேயும் போகாது.

கடல் காற்று

குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். பழகி முடித்ததும் வெளிப்புறத்தைத் துடையுங்கள். ஈரமான பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். காற்றடைக்கும் பகுதியில் மட்டும் கண்ட எண்ணெயையும் விடக் கூடாது. அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

சிலிண்டர் தேதி

ரைபிளில் காற்றடைக்கும் சிலிண்டர், தயாரித்து 10 ஆண்டு தாண்டினால் மாற்றுங்கள்.