கரண்ட் போனாலும் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறாமல் இருக்க: பேட்டரி சம்ப் பம்ப் மாட்டுவது எப்படி?

கனடாவில் டொரண்டோ, பிராம்ப்டன், மார்க்கம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு பேஸ்மென்ட் மூலையில் மூடி போட்ட அந்தக் குழி (சம்ப்) தெரிந்திருக்கும். நிலத்தடி நீர் அதில் வந்து சேரும், மிதவை மேலே வந்ததும் பம்ப் ஓடித் தண்ணீரை வெளியே தள்ளும். எல்லாம் சரிதான், ஆனால் அந்தப் பம்ப் கரண்டில் ஓடுகிறது, கரண்ட் போவதோ மழை கொட்டும் அன்றைக்குப் பார்த்துத்தான். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மி.மீ. மழை, லட்சக்கணக்கான இணைப்புகளில் மின்சாரம் இல்லை. 2024 ஜூலை 16 அன்று சுமார் 98 மி.மீ., மறுபடியும் அதே கதை. அதனால் குழிக்குள் பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் ஒன்று இருப்பது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்கடைத் தண்ணீர் தரை வடிகால் வழியாகத் திரும்பி வருவதை இந்தப் பம்ப் தடுக்காது. அதற்கு பேக்வாட்டர் வால்வ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான் போட வேண்டும்.

குழியை அளந்த பிறகு கடைக்குப் போங்கள்

மழை நாளில் பம்ப் ஒருமுறை ஓடி நின்றதும் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு நிமிடத்தில் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பாருங்கள் (பார்த்ததும் பிளக்கைத் திரும்பச் செருகிவிடுங்கள்). 18 அங்குல விட்டமுள்ள குழியில் ஓர் அங்குலம் என்பது ஏறக்குறைய 4 லிட்டர். நிமிடத்துக்கு மூன்று அங்குலம் ஏறினால் மணிக்கு 750 லிட்டர் வருகிறது என்று அர்த்தம், 200 அமெரிக்க கேலனுக்குப் பக்கம். பெருமழைக்கு இதைப் போல இரண்டு மூன்று மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது தண்ணீரை மேலே ஏற்றாமலே தள்ளும் அளவு. பக்கத்தில் சின்ன அட்டவணை இருக்கும், அதில் 10 அடி உயரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்தது பேஸ்மென்ட் வாட்ச்டாக் வகை, இரட்டை மிதவை இருப்பதால். ஒன்று சிக்கினாலும் இன்னொன்று வேலை செய்யும். ஸோலர் (Zoeller) கம்பெனியின் பேட்டரி பம்ப்களும் நல்லவைதான், விலைதான் கொஞ்சம் கடிக்கும். குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தில் ஓடும் பம்ப்களும் விற்கிறார்கள். பேட்டரி தொல்லை இல்லை என்பது உண்மைதான், ஆனால் நல்ல குடிநீரை சாக்கடை மாதிரி வெளியே விட எனக்கு மனம் வரவில்லை.

பேட்டரி விஷயத்தில் காசைப் பார்க்காதீர்கள். கார் பேட்டரி வேண்டவே வேண்டாம், அது இஞ்சினை ஒரு நொடி முடுக்கிவிடுவதற்காகச் செய்தது. டீப் சைக்கிள் என்று போட்டிருக்கும் 12 வோல்ட் பேட்டரி வாங்குங்கள், 100 ஆம்பியர்-மணி இருந்தால் நிம்மதி. பம்ப் 10 ஆம்பியர் இழுத்தால் காகிதத்தில் பத்து மணி நேரம், ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும், ஆகவே ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். அது நிற்காமல் ஓடினால். நிமிடத்துக்குப் பத்து நொடி மட்டும் ஓடினால் அதே பேட்டரி முப்பது மணி நேரம் தாங்கும்.

ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகியவர்கள் இங்கேயும் அந்த மாதிரிதான் வாங்கப் பார்ப்பார்கள். ஊரில் ஜன்னல் திறந்தே கிடக்கும், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வெளியே போய்விடும். இங்கே ஜனவரியில் வீட்டை இறுக மூடி வைத்திருப்போம், பேஸ்மென்டில் ஆள் வேறு குடியிருப்பார்கள். அதனால் என் ஓட்டு ஏஜிஎம் எனப்படும் மூடிய வகை பேட்டரிக்கு: விலை அதிகம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், வாயுத் தொல்லையும் மிகக் குறைவு.

குழாய் வேலை

பழைய பம்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். புதுப் பம்பைக் குழியின் அடியில் சேற்றின் மேல் வைக்காமல் ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள். புதுப் பம்பின் மிதவை, பழைய பம்ப் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கு மூன்று நான்கு அங்குலம் மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். மிதவையைக் கையால் தூக்கி இறக்கிப் பாருங்கள், சுவரிலோ வயரிலோ உரசக்கூடாது.

இரண்டு பம்புக்கும் தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத செக் வால்வ் தனித்தனியாக வேண்டும், ஊரில் பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்பார்களே, அதுதான். அவற்றுக்கு மேலே ஒரு ஒய் இணைப்பைப் போட்டு ஒன்றரை அங்குலக் குழாயில் சேர்த்துவிடலாம். வால்வின் மேல் இருக்கும் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அப்புறம் பிரைமர், சொல்யூஷன். வால்வை மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். ரப்பர் கப்லிங்கும் கிளாம்பும் உள்ள வால்வ் என்றால் நாளைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிவிடலாம்.

அந்தச் சின்ன ஓட்டை

என்னை அதிகம் படுத்தியது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எல்லாம் மாட்டியாயிற்று, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியாயிற்று, மோட்டார் ஓடும் சத்தமும் கேட்கிறது, ஆனால் குழியில் தண்ணீர் இறங்கவில்லை. போர் மோட்டாரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு உடனே புரிந்திருக்கும்: ஏர் லாக்.

பேட்டரி பம்ப் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். குழியில் தண்ணீர் மட்டம் இறங்கும்போது பம்புக்குள் காற்று புகுந்துவிடும். தண்ணீர் மறுபடி ஏறும்போது அந்தக் காற்று போக வழியில்லை, கீழே தண்ணீர், மேலே செக் வால்வின் மூடி. அந்த மூடியின் மேல் எட்டுப் பத்தடித் தண்ணீர் எப்போதும் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் பழைய பம்ப் அதே குழாயை நிரப்பியே வைத்திருக்கிறது. விசிறி காற்றில் சுற்றினால் அந்த எடையைத் தள்ளும் அழுத்தம் வராது. மோட்டார் பாட்டுக்கு ஓடும், பேட்டரி காலியாகும், தண்ணீர் ஏறும்.

தீர்வு, பம்புக்கும் செக் வால்வுக்கும் நடுவே குழாயில் 3/16 அங்குல ஓட்டை, சுமார் 5 மி.மீ. அந்த ஓட்டை குழியின் மூடிக்குக் கீழே இருக்க வேண்டும். டிரில்லைச் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி போடுங்கள். பம்ப் ஓடும்போது அதிலிருந்து ஊசி போலத் தண்ணீர் குழிக்குள்ளேயே பீய்ச்சும். அது லீக் இல்லை, எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள்! சில பம்ப்களில் உடம்பிலேயே இந்த ஓட்டை இருக்கும், கையேட்டில் ஒரே ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள், தேடிப் படியுங்கள்.

வயர், பிறகு சோதனை

சிவப்பை பாசிட்டிவில் முதலில், கறுப்பை நெகட்டிவில் பிறகு. வயரில் வரும் ஃபியூஸை நீக்காதீர்கள். பேட்டரியையும் கன்ட்ரோல் பெட்டியையும் தரைக்கு இரண்டடி மேலே அலமாரியில் வையுங்கள். கான்கிரீட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழங்கதை, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. ஆனால் பேஸ்மென்டில் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது தரையில் இருப்பதுதானே?

சோதிக்கும்போது பழைய பம்பின் பிளக், சார்ஜரின் பிளக் இரண்டையும் பிடுங்க வேண்டும். சார்ஜர் செருகியிருந்தால் பேட்டரியின் உண்மை நிலை தெரியாது. தண்ணீரை ஊற்றுங்கள், வெளியே ஆள் நிறுத்தி குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால், சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் சும்மா விட்ட நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பம்ப் ஓட ஆரம்பித்ததுமே 12-க்குக் கீழே விறுவிறுவென்று இறங்கினால் பேட்டரி போய்விட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள், அப்படியே அந்த ஓட்டையை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள், சில வீடுகளில் ஆரஞ்சு நிறப் பாசி மாதிரி ஒரு வழுவழுப்பு வந்து அடைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள். வாங்கிய தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

பின்சேர்க்கை

வாசகர் ஒருவர் வீட்டில் கரண்ட் இருந்தும் பேட்டரி காலியாகியிருந்தது. விசாரித்தால், ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் தானே அணையும்) பிளக் பாயின்ட் ட்ரிப் ஆகி பழைய பம்பும் சார்ஜரும் ஒன்றாக நின்றிருக்கின்றன. முடிந்தால் இரண்டையும் வேறு வேறு சர்க்யூட்டில் செருகுங்கள். பீப் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அலாரத்தை அணைத்துவிட வேண்டாம் என்று பேஸ்மென்டில் குடியிருப்பவரிடமும் சொல்லிவையுங்கள்.

போனுக்குச் செய்தி அனுப்பும் வைஃபை வசதி பற்றிப் பலர் கேட்டார்கள். நல்லதுதான், ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இல்லாமல் அதற்குக் காசு கொடுப்பது வீண்.

குளிர்காலத்தில் வெளியே உள்ள குழாய் முனை உறைந்துபோனால் இரண்டு பம்பும் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. குழாயைச் சரிவாக விடுங்கள், வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளித் தண்ணீர் விழட்டும், பனி விழுந்ததும் முனையைச் சுற்றிச் சுரண்டிவிடுங்கள். சுவரைத் தாண்டியதும் மாட்டும் துளைகள் உள்ள இணைப்பு ஒன்று கடையில் கிடைக்கிறது, முனை அடைபட்டாலும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே போய்விடும்.

பழைய பேட்டரியை குப்பையில் போடாதீர்கள். புதியது வாங்கும் கடைக்கே கொண்டு போங்கள், கோர் டெபாசிட் என்று பில்லில் பிடித்த பணத்தைத் திருப்பித் தருவார்கள்.