1830 என்று போட்டிருந்தால் 1830 அல்ல: பழைய கத்தோலிக்கப் பக்திப் பொருள்களில் நேரும் தவறுகள்

பழைய சுரூபங்களுக்கும் பதக்கங்களுக்கும் வயது கணிப்பதில் பலரும் சறுக்கும் முதல் இடம் அற்புதப் பதக்கம். முட்டை வடிவம், கைகளிலிருந்து ஒளிக்கதிர் பாய நிற்கும் மாதா, காலடியில் 1830. விற்பவர் அந்த எண்ணைச் சுட்டிக்காட்டுவார், வாங்குபவர் மயங்கிவிடுவார். அது பதக்கம் செய்த ஆண்டே அல்ல. பாரிஸில் ரூ து பாக் தெருவிலுள்ள மடத்தில் கத்தரீன் லபூரே என்ற இளம் துறவி மாதாவின் காட்சி கண்ட ஆண்டு. வஷெத் என்ற பொற்கொல்லர் முதல் பதக்கங்களைச் செய்து கொடுத்தது 1832இல்தான். அப்போது பாரிஸில் காலரா தலைவிரித்தாடியது. பதக்கம் அணிந்து பிழைத்தோம் என்று ஊரெல்லாம் பேச்சுப் பரவ, ‘அற்புத’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது. அன்று தொடங்கி கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட பதக்கங்களில் அதே 1830 தொடர்கிறது. நேற்று திருத்தலக் கடையில் வாங்கியதிலும் அது இருக்கும்.

எண்ணை விட்டுவிட்டு உலோகத்தைப் பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளையாக, கையில் கனமே தெரியாமல் இருந்தால் அது அலுமினியம். அதை மலிவாகப் பிரித்தெடுக்கும் மின்பகுப்பு முறை 1886இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் சாதாரண மக்களின் கழுத்தில் தொங்கும் விலையில் அலுமினியம் கிடைக்கவில்லை. ஆகவே மாதாவின் முகமே தேய்ந்துபோன அலுமினியப் பதக்கமானாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முன்னால் போகாது. விளிம்பில் ‘இத்தாலி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அதுவும் ஒரு தடயம். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது; ஆகவே அந்தப் பதக்கம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

பொதுவாக ஒரு பதக்கம் உறுதியாகச் சொல்வது, ‘இந்த ஆண்டுக்கு முன் நான் இல்லை’ என்பதை மட்டுமே. லூர்து மாதா பதக்கம் 1858க்கு முன் இருக்க முடியாது. குழந்தை தெரேசாவுக்கு 1923இல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டமும் 1925இல் புனிதர் பட்டமும் கிடைத்தன. பெயருக்கு முன் முத்திப்பேறு பெற்றவர் என்று பொறித்த பதக்கம் பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டு இடைவெளியைச் சேர்ந்தது. இப்படிக் கச்சிதமாக மாட்டுவது அபூர்வம்.

ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) பதக்கத்தில் அதே கண்ணி ரோமன் எண்ணில் இருக்கிறது. அதில் காணும் 1880, ஆசீர்வாதப்பர் பிறந்ததாகக் கொள்ளப்படும் 480ஆம் ஆண்டிலிருந்து 1400 ஆண்டுகள் நிறைந்ததற்காக, இத்தாலியில் அவர் நிறுவிய மொந்தே கசீனோ மடம் வெளியிட்ட ஜூபிலி வடிவத்தைக் குறிக்கிறது. இன்றும் அந்த வடிவமே புழங்குகிறது. பின்புறச் சிலுவைக்கு மேலே ‘பாக்ஸ்’ (இலத்தீனில் சமாதானம்) என்று இருக்கிறதா, இயேசுவின் பெயரைக் குறிக்கும் IHS என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றெழுத்து இருந்தால் பெரும்பாலும் ஜூபிலிக்கு முந்தைய வடிவம்.

இந்தப் பதக்கத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளை மந்திரத் தகடு என்று பயந்து ஆற்றில் வீசுபவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1647இல் பவேரியாவில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்கள், மெத்தன் மடத்தின்மீது தங்கள் வித்தை பலிக்கவில்லை என்றார்களாம். தேடியபோது மடத்துச் சுவர்களில் இதே எழுத்துகளுடன் சிலுவைகள் இருந்தன. பொருள் யாருக்கும் தெரியவில்லை. பிறகு மடத்து நூலகத்தில் 1415ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் விளக்கம் அகப்பட்டது: ‘அப்பாலே போ சாத்தானே’ என்று தொடங்கும் இலத்தீன் செபத்தின் முதலெழுத்துகள். பாடுபட்ட சுரூபத்தின், அதாவது இயேசு தொங்கும் சிலுவையின், காலடியில் உள்ள மண்டை ஓட்டையும் இப்படித்தான் சந்தேகிக்கிறார்கள். அது இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா, அதாவது மண்டை ஓட்டு மேடு. ஆதாம் அங்கேதான் புதைக்கப்பட்டார் என்ற பழைய மரபும் அதில் சேர்ந்திருக்கிறது.

செபமாலை கைக்கு வந்தவுடன் மணிகளை எண்ணிவிட்டு ‘குறைகிறது’ என்று முடிவுகட்டாதீர்கள். ஏழு ஏழு மணிகளாக ஏழு பகுதிகள் இருந்தால் அது வியாகுல மாதா செபமாலை. பத்துப் பத்தாக ஏழு இருந்தால் பிரான்சிஸ்கன் சபையாரின் மாலை; ஆறு இருந்தால் பிரிஜித்தம்மாள் பெயரால் வழங்குவது. இவற்றை வழக்கமான ஐந்து பத்துகளாக ‘சரிசெய்து’ கொடுக்கும் புண்ணியவான்கள் கடைவீதியில் இருக்கிறார்கள். நூலில் கோத்த மாலையைக் கம்பியில் மாற்றிக் கோப்பதும் அதே ரகம்தான்.

சுத்தம் செய்யப் புளி, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். உலோகத்தில் படிந்த கருமையும், முத்தமிட்டும் விரலால் தடவியும் தேய்ந்த மழமழப்பும்தான் அந்தப் பொருளின் வரலாறு. எலும்பு மணியையும் மரச்சிலுவையையும் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு திருப்பண்டத்தில், அதாவது புனிதர் ஒருவரின் உடலிலிருந்தோ உடைமையிலிருந்தோ எடுத்துக் காக்கும் துகளில், நடக்கிறது. ரூபாய் நாணய அளவில் ஓர் உலோகப் பேழை. முன்னால் கண்ணாடி, உள்ளே பட்டுத்துணிமேல் துகள் ஒன்று, கீழே மயிரிழை எழுத்தில் பெயர்ச்சீட்டு. பெயருக்குப் பின் வரும் இலத்தீன் எழுத்து, புனிதர் மறைசாட்சியா கன்னியா ஆயரா என்று சொல்லும். ‘எக்ஸ் ஒசிபுஸ்’ என்றிருந்தால் எலும்பு. இதையெல்லாம் கண்ணாடி வழியாகவே படிக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆவலில் பலர் பின்மூடியைத் திறந்துவிடுகிறார்கள். அங்கே குறுக்காகக் கட்டிய சிவப்பு நூலும் அதன்மேல் அரக்கு முத்திரையும் இருக்கும். அந்த முத்திரை, கூடவே வரும் சான்றுத்தாளிலுள்ள முத்திரையோடு பொருந்தினால்தான் அந்தத் துகளுக்குச் சாட்சி. நூல் அறுந்தால் சாட்சி போயிற்று; பீடத்தில் பொது வணக்கத்துக்கு வைக்க இயலாது. அப்படிப்பட்டதைத் தூக்கி எறியாமல் பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்தில் ஒப்படைப்பதே நல்லது.

திருப்பண்டத்தை விற்கவே கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் விதி. ‘பேழைக்கு மட்டுமே விலை, திருப்பண்டம் இலவசம்’ என்று சில வியாபாரிகள் பேசுவதை நான் சாமர்த்தியமாகக்கூட ஒப்புக்கொள்ள மாட்டேன். செபமாலையையும் பதக்கத்தையும் விற்கலாம். ஆனால் மந்திரித்தபோது, அதாவது குருவானவர் ஆசீர்வதித்தபோது, அவற்றுக்குக் கிடைத்த ஞானப்பலன் விற்றவுடன் நீங்கிவிடும், வாங்கியவர் புதிதாக மந்திரிக்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் குறுக்கே வரும். யானைத் தந்தத்தில் செதுக்கிய மாதா சுரூபத்தை, பழையது என்று சொல்லியும் இந்தியாவில் விற்க முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குக் கூரியரில் அனுப்ப நினைத்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.