டாட்டூ கடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஊசியைத் தொடும் முன்பே நடப்பவை

வலது தோளில் சிங்க முகம். மூன்றரை மணி நேர வேலை. லைன் எங்கும் பிசிறவில்லை, பிடரி மயிரில் ஷேடிங் புகை மாதிரி இறங்கியிருந்தது. வேலூரில் கடை போட்ட புதிதில் நான் செய்ததில் அதுதான் நல்ல வேலை என்று போட்டோ எடுத்துச் சுவரில் கூட மாட்டினேன். நான்கு மாதம் கழித்து அந்தப் பையன் அவன் அப்பாவோடு வந்து நின்றான். ராணுவ ஆள்சேர்ப்பில் ஓட்டமெல்லாம் தாண்டிவிட்டானாம். சட்டையைக் கழற்றச் சொன்ன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா முன்னாள் ராணுவக்காரர். சத்தம் போடுவார் என்று பயந்தேன். "ஏம்பா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

லேசரில் அழிக்கலாம் என்றேன். பல முறை போக வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி வேண்டும். அதற்குள் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் ஊசி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தோலின் இரண்டாம் அடுக்கு, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். சில மாதத்தில் கை அதைப் பழகிக்கொள்ளும். கோடு நடுங்கினால் கொஞ்சம் தடிப்பாக்கிச் சமாளிக்கலாம், வெளுத்தால் மறுபடி மை ஏற்றி டச்-அப் செய்யலாம், ரொம்ப மோசமென்றால் அதன் மேலேயே வேறு படம் போட்டு மறைக்கும் கவர்-அப் இருக்கிறது. பதினோரு வருடத்தில் நான் சரிசெய்ய முடியாமல் விட்ட தவறுகள் எல்லாமே மெஷினை ஆன் செய்வதற்கு முன்னால் நடந்தவை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவை.

ராணுவ விஷயத்தையே முதலில் முடித்துவிடுகிறேன், நம் மாவட்டத்துக்கு அது முக்கியம். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அந்த மாதிரி ஊர்களிலிருந்து வருகிற பையன்களுக்கு டாட்டூ ஆசையும் அதே வயதில்தான் வருகிறது. ராணுவத்தில் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி உள்ள இடங்கள் இரண்டுதான்: முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்பக்கம், அப்புறம் புறங்கை. பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் மரபுக்கேற்ப விலக்கு உண்டு. சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்தியப் படைகளில் இன்னும் கறார். சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்பக்கம் அல்லது புறங்கை, அதுவும் அந்த உறுப்பின் பரப்பில் கால் பங்குக்குக் குறைவாக. விதிகள் மாறலாம், ஆகவே அந்த வருட அறிவிப்பை அவனையே எடுத்துவரச் சொல்லுங்கள். இதே ஊர்க் கோட்டையில் 1806ஆம் ஆண்டு சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த காரணங்களில் ஒன்று, நெற்றிக்குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று வந்த உத்தரவு. சிப்பாயின் உடம்பில் என்ன இருக்கலாம் என்பது வேலூரில் பழைய பஞ்சாயத்து.

இருபது வயதுக்காரன் யார் வந்தாலும் இப்போது என் முதல் கேள்வி, "தம்பி, என்ன வேலைக்குப் படிக்கிறே?" பதினெட்டு ஆகாதவர்களுக்கு நான் குத்துவதே இல்லை. காட்பாடிப் பக்கம் கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகளில் பதினேழு வயதுக்காரர்கள் நிறைய. பார்த்தால் தெரியாது. அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மைனர் போட்ட கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

வேலூர்க்காரர்கள் மட்டுமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். கூட வந்தவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி, சும்மா இருக்கும் மாலை நேரத்தில் நம் கடைக்குள் வருவார்கள். "அம்மாவுக்கு ஆபரேஷன், அம்மா பெயர் எழுத வேண்டும்" என்பார்கள். மனது இளகிவிடும், உடனே தோலில் மாதிரிக் கோட்டைப் பதிக்கும் ஸ்டென்சிலை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். டாட்டூ குத்திக்கொண்டவர் 12 மாதம் ரத்த தானம் செய்யக்கூடாது என்பது நம் நாட்டு ரத்த வங்கிகளுக்கான வழிகாட்டுதல். அந்த அம்மாவுக்கே மறுநாள் ரத்தம் தேவைப்படலாம், கூட இருப்பது அந்த ஒரே மகனாக இருக்கலாம். நல்லவேளையாக வங்காளத்திலும் ரத்தத்துக்கு 'ரொக்தோ' என்றுதான் பெயர். கையைக் காட்டி அந்த ஒரு சொல்லைச் சொன்னாலே புரிந்துகொள்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் வரச் சொல்லுங்கள். பாதிப் பேர் வருவதில்லை, நஷ்டம்தான். பரவாயில்லை.

சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பழைய தழும்பு எதுவும் மேடு தட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். தழும்பு தடித்து வளரும் தோல் என்றால், நெஞ்சிலும் தோளிலும் நான் கை வைப்பதில்லை.

இப்போது எழுத்து. நம் கடைகளில் சிங்கம், சிவன், இறகு எல்லாம் சேர்ந்தாலும் பெயர் எழுதுவதற்கு ஈடாகாது. தகராறும் இதில்தான் அதிகம். டிசைன் செய்யும் மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி தனியாக மிதக்கும். 'கொ' இரண்டு துண்டாகப் பிரிந்து, நடுவில் இன்னொரு எழுத்துக்கு இடம் விட்ட மாதிரி நிற்கும். திரையில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாது. 'கீர்த்தனா'வில் 'ர்' மேல் புள்ளி விட்டுப்போய், தோலில் 'கீரத்தனா' ஆனதை நான் பார்த்திருக்கிறேன். புள்ளியையாவது அப்புறம் வைத்துவிடலாம். 'வள்ளி' 'வல்லி' ஆனால் என்ன செய்வது?

நான் செய்வது இதுதான். பெயரை வாடிக்கையாளரின் கையாலேயே நோட்டில் எழுத வைப்பேன். ஸ்டென்சில் ஒட்டியதும் ஒவ்வொரு எழுத்தாக அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்வேன். அப்புறம் கூட வந்தவரை வாசிக்கச் சொல்வேன். கண்ணாடியில் காட்டிச் சம்மதம் வாங்காதீர்கள், செல்ஃபி கேமராவிலும் வேண்டாம். எழுத்து திரும்பித் தெரிகிறது என்று குழம்பி, நல்லா இருந்த ஸ்டென்சிலை அழித்து இடவலம் மாற்றி ஒட்டிய புத்திசாலிகள் உண்டு. வங்காள எழுத்து, இந்தி எழுத்து என்றால் அந்த மொழி படிக்கத் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும். இணையத்தில் மொழிபெயர்த்து எடுத்த வாக்கியத்தை நான் குத்துவதில்லை.

அளவும் முக்கியம். வருடம் போகப் போக மை தோலுக்குள் கொஞ்சம் பரவும். 'ண'வின் சுழிகள் நெருங்கி அடைத்துக்கொள்ளும், 'ஞ' என்னவென்றே தெரியாமல் போகும். மணிக்கட்டில் பொடி எழுத்தாகக் கணவர் பெயர், இரண்டு பிள்ளைகள் பெயர், கூடவே பிறந்த தேதி எல்லாம் வேண்டும் என்று வந்தால், அரை இஞ்ச் உயரத்துக்குக் குறைந்து எழுதமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். இஞ்ச் கணக்கில் காசு வாங்குவதால் பெரிதாக்கப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

சுத்தம் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ஊசி ஒருவருக்கு ஒன்றுதான் என்பது இன்று வாடிக்கையாளருக்கே தெரியும். தவறு நடப்பது கிளவுஸ் போட்ட கையால் போனை எடுக்கும்போது, ஏ.சி. ரிமோட்டை அழுத்தும்போது, கப்பில் மிஞ்சிய மையை 'வீணாகிறதே' என்று பாட்டிலில் திரும்ப ஊற்றும்போது. கறுப்பை இளக்கி கிரே செய்ய கேன் தண்ணீரை எடுப்பது அதைவிட மோசம். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் 2011 கடைசியில் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்குத் தோலில் கிருமித் தொற்று வந்தது. தேடிப் பார்த்தால், முன்கூட்டியே நீர் கலந்து விற்ற கிரே இங்க்கில்தான் பிரச்சினை. காய்ச்சி வடித்த நீருக்கே அந்த கதி என்றால் நம் கேன் தண்ணீரைப் பற்றி என்ன சொல்ல? கிருமி நீக்கிய நீர் மெடிக்கல் ஷாப்பில் சின்னக் குப்பியில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. கூடவே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அடுத்தவரைக் கேள்வி கேட்கிற நாம் நம்மையே கேட்டுக்கொள்ள மறந்துபோவது இதைத்தான்.

கத்திரி வெயிலில் குடியாத்தத்திலிருந்து பைக்கில் வந்தவரை அப்படியே நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். சாப்பிட்டாரா என்று கேட்டு, மோர் வாங்கிக் கொடுத்து, வியர்வை அடங்கியதும் ஆரம்பியுங்கள். வியர்த்த தோலில் ஸ்டென்சில் நிற்காது, ஒட்டியபின் பத்து நிமிடமாவது காயவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளை முன்னாலேயே பார்த்துவைப்பதும் நல்லது. பாதி முகம் வரைந்த சாமியோடு ஒருவரைச் சாயங்காலம் வரை உட்கார வைத்த அனுபவம் எனக்கு உண்டு.

சரி, வெளியூர்க் கடைகளுக்கு கெஸ்ட் ஆர்ட்டிஸ்டாக, அதாவது சில நாள் விருந்தாளியாகப் போய் வேலை செய்யும் பயணத்துக்கு வருவோம். என் பாட்டியின் முன்கையில் கோலப் பச்சை இருந்தது. கரியையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்து, தெருவோடு வந்த குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து குத்தியது, கூலி இரண்டு படி நெல் என்பார். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய அவர்கள்தான் நமக்கு மூத்த கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்கள். இன்று நாம் காட்பாடி ஜங்ஷனில் ரயிலேறி பெங்களூர் போகிறோம், சீசனுக்கு கோவா போகிறோம், குளிர்காலத்தில் பஸ் பிடித்துத் திருவண்ணாமலை போகிறோம்.

முதல் தடவை வெளியூர்க் கடைக்குப் போனபோது போனில் பேசியது 'பாதிப் பாதி' என்று. பெங்களூரில் ஒரு கடை. பத்து நாள் வேலை செய்து கணக்குப் பார்த்தால், ஊசிக்குக் கொஞ்சம், மைக்குக் கொஞ்சம், நாற்காலிக்கு வாடகை, கார்டு தேய்த்த கட்டணம் எல்லாம் என் பாதியிலிருந்தே கழிந்திருந்தது. ரயில் டிக்கெட்டும் சாப்பாடும் போக, கையில் மிஞ்சியதை வேலூரில் இரண்டு நாளில் சம்பாதித்திருப்பேன். சண்டை போட என்னிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. கமிஷன் எவ்வளவு, பொருள் யாருடையது, அட்வான்ஸ் யார் கையில், காசு தினமும் வருமா கடைசியிலா, தங்க இடம் உண்டா. இவ்வளவையும் கிளம்பும் முன்னால் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, 'சரி' என்று பதில் வந்தபிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது, வயர்லெஸ் மெஷினின் லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் போடக்கூடாது. ஊசிகளும், ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜும் அதற்கு நேர்மாறாகச் சரக்கில் போகும் பெரிய பெட்டியில். மாற்றி வைத்தால் சோதனையில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், விளக்கம் சொன்னாலும் விடமாட்டார்கள். பஸ்ஸில் போனால் மை பாட்டில்களைக் கீழே டிக்கியில் போடாதீர்கள், மே மாதத்தில் அது அடுப்பு.

கெஸ்ட்டாகப் போகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, கடைசி நாள் வரை பெரிய வேலை எடுப்பது. டாட்டூ ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். நீங்கள் ஊர் திரும்பியபின் ஒரு இடம் வெளுத்தால் அவர் யாரிடம் போவார்? உங்கள் வேலையை இன்னொருவர் திருத்துவது உங்களுக்கும் பிடிக்காது, அவருக்கும் பிடிக்காது. கடைசி மூன்று நாள் சின்ன வேலைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். டச்-அப் யார் செய்வார் என்பதையும் அந்த வாட்ஸ்அப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டேன்.

திருவண்ணாமலையில் மார்கழி மாதம் வெளிநாட்டுப் பெண் ஒருவர் பாதத்தின் மேல் 'ஓம்' வேண்டும் என்று வந்தார். அழகான ஸ்டென்சில், அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. பழக்க தோஷத்தில், "நாளைக்கு என்ன பிளான்?" என்று கேட்டேன். கிரிவலம் என்றார். 14 கிலோமீட்டர், வெறுங்கால், புதுப் புண். கூடவே, காலில் ஓம் எழுதினால் கோயில் வாசலில் எந்தப் பாட்டியாவது பிடித்துக்கொள்ளும் என்பதையும் என் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். சிரித்துவிட்டு, பிடரிக்குக் கீழே போட்டுக்கொண்டார்.

உள்ளூர் வாடிக்கையாளர்களிடம் தேதி சொல்லாமல் கிளம்புவது இன்னொன்று. பாதிக் கை முடிந்து அடுத்த சிட்டிங்குக்கு வந்தவர், ஷட்டர் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு கடையில் முடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அப்புறம், ராத்திரி ரயிலில் வந்து விடிகாலை காட்பாடியில் இறங்கி, பல் துலக்கிய கையோடு பத்து மணிக்கு ஒருவருக்கு லைன் போட உட்காராதீர்கள். கழுத்தும் இடுப்பும் ஏற்கெனவே கெட்டிருக்கும், கை லேசாக நடுங்கும், நமக்குத் தெரியாது, கோட்டில் தெரியும். திரும்பும் நாளில் நான் நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறேன். அன்றைக்கு யார் கேட்டாலும் அண்ணன் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லிக் கடைத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.