அணு உலை ஆவணப்படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமாக ஒன்று

போன மாதம் ஒரு தம்பி தன் படத்தின் ரஃப் கட்டைக் காட்ட லேப்டாப்போடு வந்தான். கூடங்குளம் பற்றிய படம். நடுவில் ஓரிடத்தில் ஒரு கை கடற்கரை மணலில் கதிர்வீச்சு மீட்டரை வைக்கிறது. டிக் டிக் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. அடுத்த ஷாட், அணு உலையின் குவிமாடம். "நிறுத்துப்பா" என்றேன். பல வருடம் முன்னால் நான் எடுத்த அதே ஷாட்.

பேட்டரி, மெமரி கார்டு, கடல்காற்றில் மைக்குக்கு உறை, இதெல்லாம் இரண்டு நாள் படப்பிடிப்பிலேயே பழகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

மீட்டர் ஷாட்

2012 டிசம்பர். கூடங்குளம் உலைக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையில் படப்பிடிப்பை முடித்துவிட்டு மேற்கே குமரி மாவட்ட மீனவ ஊர்களுக்குப் போனோம். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், அலை ஒதுக்கிய கறுப்பு மணல் வரிவரியாகக் கிடந்தது. இரவல் வாங்கிய மீட்டரை அந்த வரி மேல் வைத்ததும் எண் ஏறியது. கேமராமேன் குனிந்து குளோசப் எடுத்தார். மீட்டரின் ஓரத்தில் ஈர மணல் ஒட்டியிருந்தது. நாலு எட்டு தள்ளி வெள்ளை மணலில் வைத்தபோது எண் இறங்கியது. அதைப் படம் பிடிக்கவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எடிட்டிங்கில் அதற்குப் பின்னால் கூடங்குளம் குவிமாடத்தை ஒட்டினேன். வசனம் எதுவும் இல்லை. தேவையும் இல்லை, பார்க்கிறவர்கள் முடிச்சைப் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு திரையிடலில் வயதான பேராசிரியர் ஒருவர் எழுந்து பொறுமையாகக் கேட்டார்: "இதை எப்ப எடுத்தீங்க?" சொன்னேன். "கூடங்குளத்துல முதல் உலையில தொடர்வினை ஆரம்பிச்சதே 2013 ஜூலை 13-ல. ஓடாத உலையிலேர்ந்து இந்தக் கதிர்வீச்சு எப்படி வரும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கரையின் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. உலை கட்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, மனிதர் யாரும் கை வைக்காமலே, அது கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மணலிலிருந்து அந்தக் கனிமங்களைப் பிரிக்கத்தான் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஆலையே நடக்கிறது. அந்த ஊரில் நான்கு நாள் தங்கியும் இதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. கதிர் ஒன்று குழாய்க்குள் புகுந்தால் ஒரு டிக், அவ்வளவுதான் அதன் வேலை. அந்தக் கதிர் மணலில் இருக்கும் தோரியத்திலிருந்து வந்ததா, அணுப்பிளவில் பிறக்கும் சீசியம்-137-இலிருந்து வந்ததா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்கு மண்ணை எடுத்துப் போய் ஆய்வகத்தில் காமா கதிர்களின் ஆற்றலை அளக்க வேண்டும். அப்புறம், ஓரிடத்தில் அளந்தால் போதாது. உலையிலிருந்து தள்ளி இருக்கும், அதே வகை மண் உள்ள இடத்திலும் அளக்க வேண்டும். தரையிலிருந்து ஒரே உயரம், ஒரே கால அளவு. திரையில் எண்ணைப் போடும்போது மைக்ரோசீவர்ட்டா மில்லிசீவர்ட்டா என்று இரண்டு முறை பாருங்கள், ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு மணி நேரத்துக்கா ஒரு வருடத்துக்கா என்பதையும் எழுதுங்கள்.

படத்தைத் திரும்ப வெட்டினோம், ஏற்கனவே அனுப்பிய பிரதிகளைத் திரும்பக் கேட்டு வாங்கினோம். காசு போனது கூட ஆறிவிட்டது. ஆறாதது வேறு. அதே படத்தில் இடிந்தகரை அக்கா ஒருவர், 2012 செப்டம்பர் 10 அன்று உலை எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் வீசிய கண்ணீர்ப்புகையிலிருந்து தப்பக் கடலுக்குள் ஓடியதைப் பத்து நிமிடம் பேசியிருந்தார். விபத்து நடந்தால் எந்த வழியாக, எந்த வண்டியில் எங்களைக் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டிருந்தார். அன்றைய கலந்துரையாடலில் அதைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. நடந்ததைப் போய்ச் சொன்னபோது அவர் கேட்டார்: "நாங்க சொன்னத விட்டுட்டு அந்தப் பொட்டியப் பத்தியா தம்பி பேசுனாவ?"

இதே மணலை மறுபக்கத்தாரும் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே இயற்கையிலேயே கதிர்வீச்சு இருக்கிறது, அப்புறம் உலைக்கு ஏன் பயப்படுகிறீர்கள் என்று. அக்காவின் கேள்விக்கு அதுவும் பதில் ஆகாது. ஆனால் என் ஷாட் இருக்கும்வரை அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

புகை விடும் கோபுரம்

இணையத்தில் கிடைக்கும் அகலமான குளிர்விப்புக் கோபுரக் காட்சியைப் போடாதீர்கள். கூடங்குளத்தில் அது கிடையாது, கல்பாக்கத்திலும் கிடையாது. இரண்டும் கடல் நீரால் குளிர்விக்கப்படுபவை. அந்தக் கோபுரங்களிலிருந்து வருவதும் புகை அல்ல, நீராவி. நம் ஊரில் கேமரா போக வேண்டிய இடம் சூடான நீர் கடலில் கலக்கும் பக்கம். மீனவர்கள் பேசுவது அந்த நீரைப் பற்றி, அங்கே மீன்பாடு எப்படி என்பதைப் பற்றி. அவர்களோடு படகில் போங்கள்.

காளான் மேகம்

வேண்டவே வேண்டாம். உலையும் குண்டும் ஒன்றல்ல.

ட்ரோன்

தடை செய்யப்பட்ட பகுதி. பறக்கவிடாதீர்கள்.

முகங்கள்

போராட்டக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள், தேசத்துரோக வழக்கு உட்பட. நீங்கள் எடுத்த கூட்டக் காட்சியில் யார் எங்கே நின்றார் என்பது பதிவாகியிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். வெட்டாத காட்சிகளை யாருக்கும் கொடுக்காதீர்கள், நண்பருக்குக் கூட.

பேட்டி கொடுப்பவரிடம் இரண்டு முறை சம்மதம் கேளுங்கள். கேமராவை ஓடவிடும் முன் ஒரு தடவை, எடிட் செய்ததைக் காட்டிவிட்டு இன்னொரு தடவை. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை நிழலுருவமாக எடுத்தோம், குரலையும் மாற்றினோம். எல்லாம் சரி என்று நினைத்துக் காட்டினால், அவர் திரையின் ஓரத்தைத் தொட்டார். திண்ணையில் மகளின் பள்ளிப் பை, அதில் தைத்திருந்த பள்ளிப் பெயர் தெளிவாகத் தெரிந்தது.