சரிவுல புது வீடுங்க வருதா? டர்பன்ல ஆட்சேபம் சொல்றது எப்படி

சாட்ஸ்வர்த் பக்கம் மேட்டுச்சரிவுல வீடு கட்டப்போறாங்கன்னு நோட்டீஸ் பார்த்தா மொதல்ல அதை போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க, கடைசி தேதி அதுலதான் இருக்கும். அப்புறம் எத்தேக்வினி முனிசிபாலிட்டில (அதான் டர்பன் நகராட்சி) ஃபைலை கேட்டு வாங்கி மண் ரிப்போர்ட்டை நிதானமா படிங்க, மத்ததெல்லாம் அப்புறம், ஏன்னா டர்பன்ல பல இடத்துல இருக்குற பெரேயா செம்மண் காஞ்சா கெட்டியா நிக்கும் தண்ணி ஏறினா சரிஞ்சுரும், 2022 ஏப்ரல் வெள்ளத்துல டர்பன் இருக்குற குவாஸுலு-நட்டால் மாகாணத்துல 400 பேருக்கு மேல செத்தாங்களே. மழைத்தண்ணி எங்க போய் விழும், கீழ்வீட்டு முற்றத்துலயா? எழுத்துல, காரணத்தோட கேளுங்க. சும்மா "பிடிக்கல"ன்னு எழுதினா ஒருத்தனும் மதிக்கமாட்டான். சுற்றுச்சூழல் ஆய்வு நடந்தா பாதிக்கப்படுறவங்க லிஸ்ட்ல பேரை பதிஞ்சுருங்க, ரிப்போர்ட்டுக்கு கருத்து சொல்ல குறைஞ்சது 30 நாள் தரணும். பிளானிங் முடிவு ஒத்துவரலேன்னா, 2013 ஸ்ப்ளூமா (SPLUMA, நிலப் பயன்பாட்டு திட்டமிடல்) சட்டப்படி, முடிவு கைக்கு வந்த 21 நாளுக்குள்ள அப்பீல்.