விளையாட்டு உடுப்பை அன்றாடம் உடுத்துவது எப்படி

முன்பெல்லாம் ட்ராக் பொட்டம் மைதானத்தோடு சரி. இப்போது காலையில் உப்புவெளிக் கடற்கரையில் ஓடியவர் அதே உடுப்போடு சந்தைக்குப் போய் மீனும் வாங்கிக்கொண்டு வருகிறார், அதில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் துணி. உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் புரட்டிப் பாருங்கள். பொலியெஸ்டர் தன் எடையில் 1 சதவீதம் தண்ணீரைக்கூட உறிஞ்சாது, வியர்வை அதன்மேல் பரவிச் சீக்கிரம் காயும். பருத்தி உறிஞ்சி வைத்துக்கொண்டு முதுகில் ஒட்டும். கச்சான் காற்றடிக்கும் ஆடி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் வித்தியாசம் விளங்கும். நீட்சி தருவது 1958இல் கண்டுபிடித்த லைக்ரா இழை. பொட்டத்தின் முழங்கால் பகுதியை இரண்டு பெருவிரல்களாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள், அந்தப் பக்கம் தெரிந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

மேலும் கீழும் விளையாட்டு உடுப்பே வேண்டாம். கறுப்புப் பொட்டத்துக்கு நீளமான பருத்திச் சட்டை, சுத்தமான சப்பாத்து, போதும். கோணேசர் கோயிலுக்கு மட்டும் வேட்டி சேலைதான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கழுவுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். பொலியெஸ்டரில் வியர்வை நாற்றம் தங்கும், அதனால் கழற்றியதுமே உள்புறம் வெளியே வரத் திருப்பி அலசிவிடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் இழையில் படிந்து வியர்வை பரவாது. சூடு லைக்ராவின் நீட்சியைக் கொல்லும், நிழலில் காயவிடுங்கள்.